கம்பஸில இருந்து வந்த மாதா

டிலானி, ஜூட், நீங்கள் ரெண்டு பேரும் இண்டைக்குக் காலமை அந்தக் காணாமல்போன ரிபனுக்குப் பிடிச்ச சண்டையைப் பாத்துக்கொண்டு நான் ஒண்டும் பேசாமல் இருந்தனான். அம்மாவும் பேசேல்ல. ஏன் பேசேல்ல எண்டதை வாயால சொல்ல எனக்கு வராது, அதுதான் எழுதுறன். டிலானி இதைப் படிச்சிட்டுச் சிரிப்பாள், சயன்ஸ் பாடத்தில கெட்டிக்காரி, "அப்பா, இதுக்கு ஒரு காரணம் இருக்கும்" எண்டுவாள். சிரி பிள்ளை. நானும் அப்பிடித்தான் இருந்தனான்.

பேய், ஆவி, புதுமை எண்டதுகளை நான் ஒருநாளும் நம்பினதில்லை. என்ட வேலை உங்களுக்குத் தெரியும், வெள்ளவத்தையில அந்த உயரமான பிளட்ஸ்ல லிப்ட், தண்ணி மோட்டர், ஜெனரேட்டர் எல்லாம் பாக்கிறது. அங்க மாசம் ஒரு பேய் வரும். மேல்மாடி அன்ரி, பாத்ரூமுக்குள்ள ஆரோ பெருமூச்சு விடுகினம் எண்டு அலறுவா, போய்ப் பாத்தா பைப்புக்குள்ள காத்து. லிப்ட் ஆளில்லாமல் தன்பாட்டில ஏறி இறங்குது எண்டு ஒரு ஐயா தேவாரம் பாடிக்கொண்டு படியால இறங்கி வந்தவர், பாத்தா ஒரு சுவிட்ச் சூடேறி ஒட்டிக்கிடக்கு. பேயெல்லாம் வயர்தான் எண்டு சொல்லித் திரிஞ்சவன் நான். இப்பவும் பிளட்ஸ்ல அப்பிடித்தான் சொல்லுறன். வீட்டில சொல்லுறதில்லை, கவனிச்சிருப்பீங்கள்.

மாதா பெட்டின்ட கதை உங்களுக்குத் தெரிஞ்சதுதான், ஆனா முதல்ல இருந்து சொன்னாத்தான் மற்றது விளங்கும். எங்கட கொட்டாஞ்சேனை ஒழுங்கையில மே மாதம் பிறந்தா மாதா வீடு வீடா வருவா. ஒரு சாண் உயரம், மரத்தில செய்தது, மூக்கு நுனி உடைஞ்சிருக்கு, அங்கியில ஒரு பக்கம் எப்பவோ மெழுகுதிரி சுட்ட கறுப்பு. பெட்டிக்கு முன்னுக்குக் கண்ணாடி, பின்னுக்குக் கொளுக்கி போட்ட சின்னக் கதவு. ஒரு வீட்டில ஒரு நாள். பின்னேரம் செபமாலை முடிய அந்த வீட்டுக்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அடுத்த வீட்டு வாசல்ல நிண்டு, "எங்கட வீட்டில இருந்தா, இனி உங்கட வீட்டில இருப்பா" எண்டு சொல்லிக் குடுக்கோணும். மாதா எங்கட வீட்டில இருக்கிற அண்டைக்கு, எங்களுக்கு ஆரைப் பற்றிக் கவலையோ அவையின்ட சாமான் ஒண்டைப் பின்கதவால அவவுக்குப் பின்னால வைப்பம். கட்டாரில இருக்கிற மகன்ட படம், சோதினை எழுதப்போற பிள்ளையின்ட பேனை, இப்பிடி. பெட்டி வீட்டை விட்டுப் போகமுதல் அதை எடுத்திடோணும்.

இன்னொரு வழக்கமும் இருக்கு. பெட்டியைத் தூக்கேக்க மாதான்ட முகம் ரோட்டைப் பாக்கோணும். எங்கட நெஞ்சைப் பாக்கிற மாதிரித் தூக்கக்கூடாது, துணியால மூடக்கூடாது. வழியைப் பாத்துக்கொண்டு வந்தாத்தான் அவ வந்து சேருவா எண்டு சொல்லுவினம். ஆர் முதல்ல சொன்னதெண்டு ஒருத்தருக்கும் தெரியாது, ஆனா மாதா பெட்டிக்குப் பொறுப்பான லூசியா அக்காவுக்கு முன்னால மறந்துபோயாவது மூடிப் பாருங்கோ, தெரியும்.

லூசியா அக்காவுக்கு ஒரு தம்பி இருக்கிறது உங்களுக்குத் தெரியாது. அவ அவனைப் பற்றிக் கதைக்கிறதில்லை. நெல்சன் எண்டு பேர். என்னோட ஒண்டா வளந்தவன். கோயில்ல புதுநன்மை வாங்கின அண்டைக்கு ரெண்டு பேருக்கும் ஒரே துணியில சேட் தைச்சுப் போட்டவை. நான் ஓ.எல். சோதினையோட படிப்பை நிப்பாட்டிட்டன், அவன் படிச்சான், படிச்சான், கம்பஸ் போனான், பிறகு அங்கயே லெக்சரர் ஆகி, பாமன்கடையில வீடெடுத்துப் போயிட்டான். போனாலும் நத்தார் பெருநாளுக்கு வருவான், வந்தா முதல்ல என்ட வாசல்லதான் நிப்பான். "என்ட கூட்டாளி லெக்சரர்" எண்டு நான் பிளட்ஸ்ல சொல்லாத ஆளில்லை.

அவன்தான் ஒரு நாள் வந்து கேட்டவன். இப்ப கம்பஸில புத்தகத்தால மட்டும் படிப்பிக்கிறதில்லையாம், கம்பஸ் மியூசியத்தில பூட்டிக்கிடக்கிற சாமான்களை வகுப்பு மேசையில கொண்டுவந்து வைச்சு, பிள்ளைகள் கிட்டப் போய்ப் பாத்து, மணம் பிடிச்சு, தூக்கிப் பாத்துப் படிக்கினமாம். "மச்சான், அங்க அரசன்ட வாள் இருக்கு, வெள்ளைக்காரன்ட கோப்பை இருக்கு, எங்கட சனத்தின்ட சாமான் ஒண்டுகூட இல்லை. ஹார்பர்ல மூட்டை தூக்கின சனம் என்னத்தைக் கும்பிட்டுது, எப்பிடி வாழ்ந்துது எண்டு என்ட பிள்ளைகளுக்குக் காட்ட என்னட்ட என்ன இருக்கு சொல்லு? மாதாவை ஒரு தவணைக்குத் தாங்கோ. மே மாதத்துக்கு முதல் கொண்டுவந்து தருவன்."

உண்மையைச் சொன்னா எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு. என்ட அப்பா மூட்டை தூக்கினவர். அவர் கும்பிட்ட மாதாவை கம்பஸ் பிள்ளைகள் படிக்கிறது எண்டா சின்ன விசயமா? ஒழுங்கையில பாதிப் பேருக்கு விருப்பமில்லை. லூசியா அக்கா என்னைப் பாத்துச் சொன்னா, "கேக்கிறது என்ட தம்பிதான், எண்டாலும் அவன் இங்க இருந்து போய்க் கன காலம். நீ இங்க இருக்கிறனீ. நீ சொல்லு சேவியர், குடுக்கிறன்." நான் சொன்னனான். குடுத்தவ.

நானே ஓட்டோவில கொண்டு போனனான், மடியில வைச்சு, முகத்தை ரோட்டுக்குக் காட்டி. ஓட்டோக்காரர் கண்ணாடியால பாத்துப் பாத்து, "அண்ணே, அம்மாவுக்குக் கொழும்பு சுத்திக் காட்டுறீங்களா? இந்தாங்க, லெப்ட்ல பாக்கச் சொல்லுங்க, புறக்கோட்டை" எண்டு பகிடி விட்டவர். நானும் சிரிச்சனான்.

சொன்ன மாதிரியே மே மாதத்துக்கு முதல் நெல்சன் கொண்டுவந்து தந்தான். காரில, பெட்டி முழுக்கக் குமிழ் பொலித்தீன் சுத்தி. லூசியா அக்கா வாசல்லயே கத்தத் தொடங்கினா. "ஏன்டா மூஞ்சையை மூடிக் கொண்டந்தனீ?"

"உடைஞ்சு போயிடும் அக்கா."

"இவ்வளவு காலமும் உடையேல்ல, நீ படிச்ச பிறகுதான் உடையப் போறாளோ?"

ஒழுங்கைப் பிள்ளைகள் அந்தக் குமிழை எல்லாம் பட்டுப் பட்டெண்டு உடைச்சு விளையாடினதுகள். அவன் எல்லாருக்கும் நன்றி சொன்னான். வகுப்புக்கு ஒரு டூப்ளிகேட் செய்து வைச்சிருக்கிறமாம், அதால இனிமேல் மாதாவை அலைக்கத் தேவையில்லையாம். எவ்வளவு நல்ல பிள்ளை எண்டு எல்லாரும் சொல்லிச்சினம். எனக்கு அண்டைக்கு ஒண்டும் வித்தியாசமாத் தெரியேல்ல, மனசில ஒண்டும் தட்டேல்ல. சிலபேர் கதை சொல்லேக்க "அப்பவே எனக்கு ஒரு மாதிரி இருந்தது" எண்டுவினம் தானே, எனக்கு அப்பிடி ஒண்டும் இல்லை. மூக்கு உடைஞ்சிருந்துது, சுட்ட கறுப்பு இருந்துது, நான் முழங்கால்ல நிண்டு கும்பிட்டனான்.

டிலானி, அப்ப நீ நேர்சரி போற பிள்ளை. உனக்கு இதயத்தில ஓட்டை இருந்தது எண்டு உனக்குத் தெரியும், நெஞ்சில அந்தக் கோடு இருக்கு. அந்த மே மாதம்தான் ஒப்பரேசனுக்கு நாள் குடுத்தவை. ரெண்டு படி ஏறினா உனக்குச் சொண்டு நீலமாகும். அம்மா இரவில நித்திரை கொள்ளமாட்டா, உன்ட மூச்சை எண்ணிக்கொண்டு இருப்பா. எங்கட வீட்டு முறை வந்த அண்டைக்கு அம்மா உன்ட நேர்சரிப் பெயர்ப்பட்டையை எடுத்தவ. மஞ்சள் பிளாஸ்டிக், பின்னால ஊசி. பேனையால எழுதின பேர் வேர்வையில அழிஞ்சழிஞ்சு போகுதெண்டு, அம்மா நகத்துக்குப் பூசுற சிவப்புப் பொலிஷால 'டிலானி' எண்டு எழுதிவிட்டிருந்தவ. அதை மாதாவுக்குப் பின்னால வைச்சுக் கொளுக்கியைப் போட்டதை என்ட கண்ணால கண்டனான்.

அடுத்த நாள் காலமை நான் கம்பஸுக்குப் போகவேண்டியிருந்தது. நெல்சன்தான் கூப்பிட்டவன், மாதா வீடு வீடாப் போற வழக்கத்தைப் பற்றிப் பிள்ளைகளுக்கு நீ வந்து சொல்லு எண்டு. கோயிலுக்குப் போடுற வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு போனனான். மியூசிய அறையில நீட்டு மேசை, மேசையில எங்கட மாதா பெட்டி, அதுதான், டூப்ளிகேட் எண்டு நான் நினைச்சது. நல்லாச் செய்திருக்கிறாங்கள், பெட்டியையும் பழைய பலகையில செய்திருக்கிறாங்கள் எண்டு மனசுக்குள்ள மெச்சினனான். பிள்ளைகள் எல்லாரும் கையில நீலக் கையுறை போட்டிருந்துதுகள். நெல்சன் என்னை 'எங்கட விருந்தினர்' எண்டு சொன்னவன். எனக்கு வேர்த்துப் போச்சு.

கதைச்சுக்கொண்டு போக, பின்கதவு விசயம் வந்துது. "திறந்து பாருங்கோ பிள்ளை, உள்ளுக்கு இடமிருக்கும்" எண்டு பக்கத்தில நிண்ட பிள்ளைக்குச் சொன்னனான். ஷர்மிளா எண்டு பேர், மட்டக்களப்புப் பக்கத்துப் பிள்ளை. அவள் கொளுக்கியைத் தட்டி, விரலை விட்டு, ஒண்டை எடுத்தாள்.

"அங்கிள், இது நீங்க காட்டுறதுக்கு வைச்சதா? டிலானி எண்டு எழுதியிருக்கு."

நம்பினா நம்புங்கோ, நம்பாட்டிப் போங்கோ. மஞ்சள் பட்டை. சிவப்புப் பொலிஷ். உன்ட பேர்.

அங்கயே அம்மாவுக்குப் போன் எடுத்தனான். பெட்டியைத் திறந்து பார் எண்டனான். கொளுக்கி கழருற சத்தம் எனக்குப் போனில கேட்டுது. "இல்லை" எண்டா. "நீங்களா எடுத்தனீங்க? ஏன் எடுத்தனீங்க?" அம்மா கேட்ட அந்தக் கேள்வி இப்பவும் காதில நிக்குது.

நான் வாய்விட்டுச் சொல்லிப் போட்டன், "வீட்டு மாதாவுக்குப் பின்னால வைச்சது இந்த டூப்ளிகேட்டுக்குள்ள எப்பிடி வந்தது?"

ஷர்மிளா என்னைப் பரிதாபமாப் பாத்தாள். "டூப்ளிகேட் இல்லை அங்கிள். இதுதான் ஒரிஜினல். அதாலதானே எங்களுக்குக் கையுறை. டூப்ளிகேட்டை உங்களுக்குக் குடுத்தாச்செண்டு நெல்சன் சேர் சொன்னவர். உங்களுக்குத் தெரியும் எண்டும் சொன்னவர்."

நெல்சன் மூலையில நிண்டான், ஏதோ வயரைக் கையில வைச்சுக்கொண்டு. அவன் என்னைப் பாக்கேல்ல. வயரைத்தான் பாத்தான். அப்பத்தான் எனக்கு விளங்கினது. நாங்கள் எல்லாரும், என்ட மனிசியும் நானும், நோயாளிப் பிள்ளையும், முழங்கால்ல நிண்டு கும்பிட்டது இவன் வார்ப்பெடுத்து மை பூசின பொம்மையை.

வெளியில வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனான். பட்டை எப்பிடி வந்தது எண்டு அவனுக்குக் கவலையே இல்லை. நான்தான் கள்ளமாக் கொண்டுவந்து உள்ளுக்கு வைச்சனானாம். "என்னைப் பிடிக்கத்தானே வந்தனீ" எண்டான். பிறகு குரலைத் தணிச்சு, தோளில கைவைச்சு, சின்னப்பிள்ளைக்குச் சொல்லுற மாதிரிச் சொன்னான், "யோசிச்சுப் பார் மச்சான். நீங்கள் அதுக்குக் கிட்ட மெழுகுதிரி கொளுத்திறீங்கள், எண்ணெய் பூசுறீங்கள், மழையில தூக்கிக்கொண்டு திரியிறீங்கள். இன்னும் கொஞ்சக் காலத்தில ஒண்டும் மிஞ்சாது. இங்க இருந்தா இருக்கும். படிப்பிக்க ஒரிஜினல் வேணும். கும்பிட டூப்ளிகேட் போதும் தானே?"

கோவத்தில சொல்லியிருந்தா மறந்திருப்பன். அன்பாச் சொன்னான். அதுதான் ஆறேல்ல.

உள்ள போய்ப் பெட்டியைத் தூக்கினனான். வாசல்ல செக்கியூரிட்டி மறிச்சுப்போட்டார். "பே அய்யே, ஏலாது அண்ணே, மியூசியம் சாமான், என்ட வேலை போயிடும்" எண்டு கெஞ்சினவர். அவரும் என்னைப் போல ஒரு ஆள்தானே, அவரோட என்ன சண்டை. வைச்சிட்டு, பட்டையைச் சேட் பொக்கட்டுக்குள்ள போட்டுக்கொண்டு வந்தனான்.

ஒழுங்கையில சொன்னனான். பட்டை விசயத்தைச் சொல்லேல்ல, நெல்சன் செய்ததை மட்டும். கனபேர் என்னைத்தான் ஏசினவை. "உன்ட வாயை நம்பித்தானே குடுத்தம்." ஓம் எண்டு கேட்டுக்கொண்டு நிண்டனான். லூசியா அக்கா அடுத்த நாள் விடிய ஒரு பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினவ. கொண்டக்டர், "அம்மா, பஸ்ல சீட் இருக்கு, ஏன் கதிரை?" எண்டு கேட்டவனாம். "இது உனக்கில்லை, என்ட தம்பிக்கு முன்னால போட" எண்டாவாம்.

மியூசிய வாசல்ல கதிரையைப் போட்டுக் குந்தி, சத்தமாச் செபமாலை. போற வாற பிள்ளைகள் எல்லாம் நிண்டு பாத்ததுகள், சிலது பக்கத்தில இருந்து சேர்ந்து சொல்லத் தொடங்கினதுகள். நெல்சன் ஓடி வந்தான். "அக்கா, ஆக்கள் பாக்கினம்."

"பாக்கட்டும். ஆக்களுக்குக் காட்டத்தானே கேட்டுக் கொண்டுபோனனீ."

அடுத்தடுத்த நாளும் போனவ. கடைசியில கம்பஸ் பெரியவங்கள் கூடிக் கதைச்சு, ஒரிஜினலைத் தாறம், டூப்ளிகேட்டைத் திருப்பித் தாங்கோ எண்டு சொல்லிச்சினம். மாத்தினது உன்ட ஒப்பரேசனுக்கு முதல் நாள். நீயும் அம்மாவும் ஆஸ்பத்திரி வோட்டில. ஜூட் கைக்குழந்தை, லூசியா அக்கா வீட்டில. டூப்ளிகேட்டைக் கொண்டுபோனவன் நான்.

இங்க ஒண்டு சொல்லோணும். ஓட்டோவில ஏறி அந்த டூப்ளிகேட்டை மடியில வைக்கேக்க, என்ட கை பழக்கத்தில முகத்தை ரோட்டுக்குத் திருப்பி வைச்சிட்டுது. பொம்மைதானே, எப்பிடி இருந்தா என்ன எண்டு விட்டிட்டன். கொட்டாஞ்சேனையில இருந்து கம்பஸ் வரைக்கும் அது வழியைப் பாத்துக்கொண்டு போனது. ஒரிஜினலை என்ட கையில தரேல்ல. மியூசியச் சட்டமாம், அதை உள்ளுக்கு வைச்சு ஸ்பொஞ்ச் அடுக்கி, மரப்பெட்டியில ஆணியடிச்சு, வான் வண்டியில ஏத்தினவை. பொதி கட்டினது நெல்சன். நான் வெளியில நிண்டனான். அவ இருட்டுக்குள்ள வந்தா, ஒண்டையும் பாக்காமல்.

ஒழுங்கையில பெட்டியைத் திறக்க எல்லாரும் அழுதவை. லூசியா அக்கா அங்கியின்ட கறுப்பைத் தடவிப் பாத்தா, மூக்கைத் தடவிப் பாத்தா. டூப்ளிகேட்டிலயும் அதே கறுப்பு, அதே மூக்குத்தான். ஆனா ஆர் அந்த நேரம் அதை நினைக்கிறது? பிள்ளைக்கு நாளைக்கு ஒப்பரேசன், இண்டைக்கு மாதா சேவியர் வீட்டில இருக்கட்டும் எண்டு எல்லாரும் சேர்ந்து சொல்லிச்சினம். ஏசின ஆக்களும் சொல்லிச்சினம்.

அண்டைக்குப் பட்டையை நானே வைச்சனான். நானே கொளுக்கியைப் போட்டனான். வீட்டில வேற ஆரும் இல்லை, கதவைப் பூட்டித் திறப்பை இடுப்பில செருகி, பெட்டிக்கு முன்னால பாயைப் போட்டுப் படுத்தனான். விடிய ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிடமுதல் பட்டையை ஒருக்காத் தொட்டுக் கும்பிட்டிட்டுப் போவம் எண்டு கொளுக்கியைக் கழட்டினா, வெறும் பலகை.

கையை விட்டுத் தடவினனான். பெட்டியைத் தூக்கிப் பாத்தனான். பாயை உதறினனான். கொளுக்கி நான் போட்டபடி இருந்தது. தேட நேரமில்லை, உன்னை உள்ளுக்குக் கொண்டுபோற நேரம். அம்மா கேட்டா, "மாதாவுக்குப் பின்னால வைச்சனீங்க தானே?" வைச்சனான் எண்டு சொன்னனான். அது பொய்யில்லைத்தானே.

உன்னை உள்ளுக்குக் கொண்டுபோய்க் கதவைச் சாத்திச்சினம். நாங்கள் வராந்தாவில. வெயில் ஏற ஏறச் சனம் கூடிச்சுது. அப்ப போன் அடிச்சுது. ஷர்மிளா. அண்டைக்கு வகுப்பில என்ட நம்பரை வாங்கி வைச்சிருந்த பிள்ளை.

"அங்கிள், நீங்க இங்க வந்தனீங்களா?"

"இல்லைப் பிள்ளை. ஏன்?"

"உங்கட மகளின்ட பேர் எழுதின பட்டை திரும்ப இங்க இருக்கு. பெட்டிக்குள்ள. நீங்க நேத்துத் தந்த டூப்ளிகேட்டுக்குள்ள அங்கிள். சேர் இன்னும் வரேல்ல, அறைத் திறப்பு என்னட்டத்தான் இருக்கு. நான் இப்பத்தான் திறந்தனான்." பிறகு மெல்லமாக் கேட்டாள், "எனக்குப் பயமா இருக்கு. எடுத்து வைக்கவா?"

டிலானி, அந்தக் கதவுக்குப் பின்னால உன்ட நெஞ்சைத் திறந்து வைச்சிருந்த நேரம் அது. எனக்கு ஒண்டும் யோசிக்கத் தெரியேல்ல. நெல்சன் ரெண்டாந்தரமும் ஏமாத்திப்போட்டு, ஒரிஜினலைத் தாறன் எண்டு டூப்ளிகேட்டையே திருப்பித் தந்திட்டானோ? இல்லாட்டி உண்மையாவே ஒரிஜினல்தான் வந்து, ஆனா அவ இருட்டுக்குள்ள வந்ததால வந்து சேராமல், நான் வழி காட்டிக் கொண்டுபோன அந்தப் பொம்மையோட அங்க இருந்திட்டாவோ? எங்க இருந்தாலும் பட்டை போன இடத்திலதான் அவ இருக்கோணும். அவ்வளவுதான் என்ட மண்டைக்கு எட்டினது.

"எடுக்காதை பிள்ளை" எண்டனான். "அப்பிடியே வைச்சுக் கதவைச் சாத்து. ஆரையும் தொட விடாதை. என்ட பிள்ளை உள்ளுக்க."

அவள் அண்டைக்கு அந்த மேசைக்குப் பக்கத்திலயே இருந்தவளாம். சாப்பிடவும் போகேல்லயாம். பிறகு சொன்னவள். அவள் சைவ சமயத்துப் பிள்ளை.

நீ பிழைச்சு வந்தாய். சொண்டு சிவந்து வந்தாய். அம்மாவுக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் எல்லாம் சொன்னனான். அவ கேட்டுக்கொண்டிருந்திட்டு, "பிள்ளை வந்திட்டா. இனி இதைப்பற்றி ஒருநாளும் கதைக்காதீங்க" எண்டா. அதுக்குப் பிறகு அம்மா மாதாவுக்குப் பின்னால ஒண்டும் வைக்கிறதில்லை. லூசியா அக்காவும் வைக்கிறதில்லை. அவவுக்கு நான் ஒண்டும் சொன்னதில்லை. அவவும் கேட்டதில்லை.

அந்த வருசம் நத்தாருக்கு நெல்சன் வந்தான். அக்கா கதவு திறக்கேல்ல. என்ட வாசல்ல வந்து நிண்டான், வழமைபோல. நான் ஒண்டே ஒண்டுதான் கேட்டனான், "எதைத் தந்தனீ?"

"சத்தியமா ஒரிஜினல்தான்டா. என்ட பிள்ளைகள் மேல சத்தியம்." கண் கலங்கிச் சொன்னான். முதல் தரம், மே மாதத்துக்கு முதல் தருவன் எண்டு சொல்லேக்கயும் இதே முகம்தான். அதே கண். அவன் சொல்லுறது உண்மையா இருக்கலாம். அதுதான் கொடுமை, உண்மையைச் சொன்னாலும் என்னால இனி நம்ப ஏலாது. அவன் எடுத்தது மாதாவை மட்டுமில்லை. கதவைச் சாத்தினனான். பிறகு அவன் வரேல்ல.

போய்ப் பாத்தா என்ன எண்டு கேப்பாய். ஷர்மிளா படிச்சு முடிச்சு ஊருக்குப் போயிட்டாள். அந்தப் பெட்டி இன்னும் அங்க வகுப்புக்கு வைக்கிறாங்களாம், ஒவ்வொரு வருசமும் புதுப் பிள்ளைகள். நான் அந்தப் பக்கம் போறதில்லை. பட்டையைத் திருப்பிக் கேக்கவும் இல்லை. போய்க் கேட்டு, இல்லை எண்டு சொல்லிச்சினம் எண்டா என்ன செய்யிறது? இருக்கு எண்டு சொல்லிச்சினம் எண்டாலும்தான் என்ன செய்யிறது?

நேற்று மாதா எங்கட வீட்டுக்கு வந்தா. முகத்தை ரோட்டுக்குக் காட்டித்தான் கொண்டுவந்து தந்தவை. இண்டைக்குப் பின்னேரம் அடுத்த வீட்டுக்கு நான் கொண்டுபோய்க் குடுக்கோணும். நான் என்ன சொல்லுறன் எண்டு நீங்கள் ஒருநாளும் கவனிக்கேல்லப் போல. "எங்கட வீட்டில இருந்தா" எண்ட பாதியை நான் சொல்லுறதில்லை. இருந்தாவோ எண்டு எனக்குத் தெரியாது. "இனி உங்கட வீட்டில இருப்பா" எண்டு மட்டும் சொல்லிக் குடுத்திட்டு வருவன். அவையும் ஓம் எண்டு வாங்குவினம்.

டிலானி, சோதினை வருகுது எண்டு நீ ஆருக்கும் சொல்லாமல் நேற்று உன்ட ஸ்கூல் ரிபனை மாதாவுக்குப் பின்னால வைச்சதை நான் கண்டனான். தடுக்கத்தான் எழும்பினனான், பிறகு, பாப்பம் எண்டு இருந்திட்டன். கொளுக்கியை நீ போட்டாய். நான் விடியுமட்டும் நித்திரை கொள்ளேல்ல, பெட்டியைப் பாத்துக்கொண்டே இருந்தனான்.

தம்பியை அடிக்காதை பிள்ளை. அவன் எடுக்கேல்ல.